215-லிருந்து 235, மறுபடியும் 215: ஒரு பிக்கப்பின் டயர்க் கணக்கு

நேற்றுக் காலை மாரியூர்க் கரையிலிருந்து 1,100 கிலோ மீனும் ஐஸுமாக வண்டி மணலைத் தாண்டி ஒரே ஓட்டத்தில் தார்ச்சாலை ஏறியது. டிராக்டரைக் கூப்பிடவில்லை. பின்சக்கரத்துக்கு அடியில் பனைமட்டை போடவில்லை. கடந்த 2 வாரத்தில் இது ஒன்பதாவது தடவை என்பதால், இனி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இந்த இடத்துக்கு வந்து சேர எட்டு மாதமும், வீணாகப் போன 22 ஆயிரம் ரூபாயும் ஆகியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் பிக்கப் ஓட்டுகிறவர்கள் யாராவது டயர் மாற்றும் யோசனையில் இருந்தால், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நானும் என் மச்சானும் ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர் கரைகளில் நாட்டுப்படகுக்காரர்களிடம் மீன் எடுத்து ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக் கம்பெனிகளுக்கும் போடுகிறோம். வண்டி இரண்டாம் கையாக வாங்கிய பிக்கப். ஓட்டத்தில் முக்கால்வாசி கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஆனால் ஒவ்வொரு நடையிலும் கரையில் மீன் எடுக்கும் கொட்டகையான வாடிக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் 200, 300 மீட்டர் பொதி மணல் உண்டு. வெறும் வண்டியாக உள்ளே போய்விடலாம். லோடு ஏற்றித் திரும்பும்போதுதான் பின்சக்கரம் சுழன்று சுழன்று தனக்கே குழி வெட்டிக்கொள்ளும். போன ஆகஸ்டில் மட்டும் நாலு தடவை டிராக்டர் வைத்து இழுத்தோம். ஒரு தடவைக்கு 500 ரூபாய். அதற்குள் ஐஸ் கரைந்து மீன் விலை இறங்குவது தனி.

கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டயர் அளவு 215/75 ஆர் 15 என்று இருந்தது. இந்த எண்களை அதுவரை நான் படித்ததே இல்லை. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம். அப்படியென்றால் 161 மி.மீ. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். அதை மி.மீ.க்கு மாற்றினால் 381. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் சேர்த்தால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ. ஆர் என்ற எழுத்து ரேடியல் என்ற டயர் வகையைக் குறிக்கும்.

மணலில் புதைகிறது, அப்படியானால் அகலமான டயர் வேண்டும். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். ஒட்டகத்தின் பாதம் அகலம், ஆட்டின் குளம்பு குறுகல் என்று மச்சானிடம் விளக்கமெல்லாம் சொன்னேன். செப்டம்பரில் வெளியூர் டயர்க் கடை ஒன்றில் 235/75 ஆர் 15 நாலு டயர் வாங்கினேன். ஒன்று 8,200 ரூபாய், நாலுக்கும் 32,800. அதே ரிம்மில் உட்காரும் என்று கடையில் சொன்னார்கள். உட்காரத்தான் செய்தது. ஸ்டெப்னியை மாற்றவில்லை, பழைய 215-ஐயே விட்டுவிட்டேன். காற்று எவ்வளவு என்று கேட்டார்கள். கதவு ஸ்டிக்கரில் லோடுக்குப் பின்னால் 65, முன்னால் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று போட்டிருந்ததைச் சொன்னேன். அப்படியே நிரப்பினார்கள். இந்த 65-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பார்க்க வண்டி கம்பீரமாக இருந்தது. புது டயரின் உயரம் 733 மி.மீ., அதாவது பழையதைவிட 30 மி.மீ. கூட. பாதி கீழே, பாதி மேலே என்பதால் வண்டி தரையிலிருந்து 15 மி.மீ. எழும்பியது. மறுநாளே வாலிநோக்கத்தில் இறக்கிப் பார்த்தோம். வெறும் வண்டி சுகமாகப் போனது. 1,200 கிலோ ஏற்றித் திரும்பினால், பழைய இடத்திலிருந்து ஒரு பத்தடி தள்ளி நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம். டிராக்டர் வந்தது. ஓட்டின முறை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது சத்தம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் முன்னால் ‘சர்க், சர்க்’ என்று உரசும். மட்கார்டின் உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் டயரின் தோள் படுகிறது. 20 மி.மீ. அகலம் கூடினால் உள்ளே 10, வெளியே 10 என்று பிரியும். மேலே 15. இந்த இரண்டும் சேர்ந்து இருந்த இடைவெளியைத் தின்றுவிட்டன. நான் கிரைண்டரால் அந்தத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தேன். அது தவறு. வெட்டிய பிறகு வெறும் வண்டியில் சத்தம் நின்றது. லோடு ஏறிப் பட்டை ஸ்பிரிங் அமுங்கும்போது வேறொரு இடத்தில் உரசத் தொடங்கியது. வெட்டின வழியாகச் சேறும் உப்புத்தண்ணீரும் உள்ளே ஏறி அங்கிருந்த இரும்பைத் துரு பிடிக்க வைத்தது. அது இப்போதும் இருக்கிறது.

வெட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டியதைப் பிறகுதான் கற்றேன். கண்மாயில் இருந்து பச்சைக் களிமண் எடுத்து, எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளாக மட்கார்டின் உள்ளே ஏழெட்டு இடத்தில் ஒட்ட வேண்டும். முழு லோடோடு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிவிட்டு வந்து உருண்டைகளைப் பார்க்க வேண்டும். நசுங்கிய பின் உருண்டையில் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் அங்கே மிஞ்சிய இடைவெளி. ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம். ஒரு இடத்தில் எனக்கு 2 மி.மீ. தான் மிஞ்சியிருந்தது. பழைய அளவு டயரோடு இதைப் பார்த்திருந்தால் 235 இந்த வண்டிக்கு ஆகாது என்று அன்றே தெரிந்திருக்கும்.

மைலேஜ் விஷயத்திலும் கொஞ்ச நாள் தவறான கணக்கிலேயே இருந்தேன். லிட்டருக்கு 13 கிடைத்துக்கொண்டிருந்த வண்டி 11.8-க்கு இறங்கிவிட்டது. மச்சான் டீசல் ஃபில்டரை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான். மாறவில்லை. பிறகு ஒரு நாள் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தரையிலும் போட்டு, சக்கரம் ஒரு முழுச்சுற்று உருளும்வரை வண்டியைத் தள்ளி டேப்பால் அளந்தேன். தேய்ந்த பழைய ஸ்டெப்னியை மாட்டி அளந்ததில் 2,110 மி.மீ. புது 235-ல் 2,235 மி.மீ. ஒரு சுற்றுக்குப் புது டயர் கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிகம் ஓடுகிறது. ஆனால் மீட்டருக்குச் சுற்றுதான் தெரியும், தூரம் தெரியாது. அதனால் மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக விழுகிறது. 11.8-ஐப் பழைய கணக்குக்கு மாற்றினால் 12.5. உண்மையான இறக்கம் அரை கிலோமீட்டர்தான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. புது 215-ஐயும் புது 235-ஐயும் ஒப்பிட்டாலே 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62, 63-ல் ஓடும். மூன்றாவது கியரில் எடுத்துக்கொண்டிருந்த பாம்பன் பாலத்து ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்டது. சக்கரம் உயர்ந்தால் இழுவை குறையும் என்பது காலில் தெரிந்தது.

ஜனவரியில் டயரின் பட்டனை, அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டைகளை, கவனித்தேன். நடுவில் இருந்த பட்டன் ஓரத்தைவிட வேகமாகத் தேய்ந்திருந்தது. 250 ரூபாய்க்கு ஆழம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தால் நடுவில் 5.5, ஓரத்தில் 7 மி.மீ. கீழக்கரையில் எங்களுக்கு வழக்கமாகப் பஞ்சர் ஒட்டும் காக்கா ஒருவர் இருக்கிறார் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). நாற்பது வருசமாக டயரோடு பழகியவர். அவரிடம் காட்டினேன். கையில் ஈரத்துணியை எடுத்து முதலில் பக்கச்சுவரைத் துடைத்தார். பிறகு ரிம்மைத் துடைத்தார்.

"எத்தன காத்து வச்சிருக்கீங்க தம்பி?"

"65 காக்கா. வண்டியிலயே போட்டிருக்கு."

"வண்டியில போட்டிருக்கது அந்த வண்டிக்கு வந்த டயருக்கு. இந்த டயர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

குனிந்து படித்தேன். அதிகபட்சக் காற்று 44 பி.எஸ்.ஐ. என்று அச்சாகியிருந்தது. நாலு மாதம் 65 வைத்து ஓடியிருக்கிறோம். நான் வாங்கியிருந்தது கார், ஜீப் வகை டயர். ஸ்டிக்கரில் இருந்த 65 லோடு வண்டிக்கான கனத்த டயருக்கு எழுதியது. அளவு எண்கள் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் இழைக் கட்டமைப்பு வேறு. ரிம்மில் அடித்திருந்த எண்ணையும் காக்கா காட்டினார். ஐந்தரை அங்குல அகல ரிம். 235/75-க்குக் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். குறுகின ரிம்மில் அகல டயரை இறுக்கிப் பிடித்தால் நடு எழும்பி நிற்கும். அதில் காற்றும் மிகை. நடுப்பட்டன் தேயாமல் என்ன செய்யும்? அங்கேயே 44-க்கு இறக்கினோம். இறக்கினதும் வேறொன்று பயமுறுத்தியது. லோடு ஏறினால் பின் டயர் வயிறு தள்ளி நின்றது.

அதற்கு அடுத்த வாரம்தான் எடை மேடைக்குப் போனேன். போகிற வழியில் நிறைய இருக்கின்றன, உப்பு லாரிகளும் கரி லாரிகளும் நிற்கும் இடங்கள். ஒரு சீட்டு 100 ரூபாய். வழக்கமாக மொத்த எடைதான் போடுவோம். நான் முன்சக்கரம் மட்டும் ஒரு முறை, முழு வண்டி ஒரு முறை என்று போடச் சொன்னேன். முழு எடையில் முன்பக்கத்தைக் கழித்தால் பின்பக்கம் வந்துவிடும். வெறும் வண்டி முன்னால் 960, பின்னால் 740. வழக்கமான 1,200 கிலோ லோடோடு முன்னால் 1,050, பின்னால் 1,850. ஏற்றின 1,200-ல் முன்பக்கம் தாங்குவது வெறும் 90 கிலோ. மற்றது அத்தனையும் பின்னால் இரண்டு டயர்மேல். ஒரு டயருக்கு 925 கிலோ.

டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் இருக்கும். என்னுடையதில் 105 எஸ். எஸ் என்பது வேகம், மணிக்கு 180 கி.மீ. வரை. மீன் வண்டிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. 105 என்பது சுமை எண். அதற்கென்று உலகம் முழுக்க ஒரே பட்டியல்: 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 112 என்றால் 1,120. என் டயர் தாங்கக்கூடிய உச்சம் 925, அதன்மேல் நான் வைத்த எடையும் 925. பெட்டியை நாங்கள் இடப்பக்கம் தள்ளி வைப்போம், வலப்பக்கம் ஏறி இறங்க வழி வேண்டும் என்று. அப்படியென்றால் இடப்பக்கப் பின் டயர் ஒவ்வொரு நடையும் உச்சத்தைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஸ்டெப்னியைப் பார்த்தேன். வண்டி வாங்கும்போது இருந்த செட்டில் மிஞ்சியது அது. 215/75 ஆர் 15, ஆனால் சுமை எண் 100. வெறும் 800 கிலோ. அளவு சரியாக இருந்ததால் நான் அதற்குமேல் பார்க்கவே இல்லை. அந்த டயர்களோடு அத்தனை நாள் மதுரை ரோட்டில் 70-ல் போயிருக்கிறோம் என்று நினைத்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

வேறு டயர் வாங்கப் பணம் சேரட்டும், அதுவரை 800 கிலோவுக்குமேல் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் இடப்பக்கப் பின் டயரின் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. உள்ளே இழை அறுந்தால் அப்படித்தான் புடைக்கும். அதை ஒட்ட முடியாது. சீமைக் கருவேல முள் பட்டன் பக்கம் குத்தினால் பஞ்சர் போட்டுவிடலாம், எங்கள் ஊரில் அது வாரம் ஒரு முறை நடப்பது. பக்கச்சுவரில் எது நடந்தாலும் டயர் முடிந்தது. அன்று ஒரு நடை போய்விட்டு வந்து மாற்றலாம் என்று கிளம்பினோம். கிளம்பியிருக்கக் கூடாது. ஏர்வாடி தாண்டிக் கீழக்கரைக்கு வரும் வழியில், உச்சி வெயிலில், வெடித்தது. வேகம் 45 தான் என்பதால் வண்டி ஓரம் கட்டி நின்றது. எதிரில் யாரும் வரவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை.

அங்கே செய்த ஒரு காரியம் மட்டும் சரியானது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெப்னி சின்னது. அதைப் பின்னால் மாட்டினால் ஒரே அச்சில் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை. இஞ்சின் சுழற்றும் அச்சில் அப்படி ஓட்டினால் டிஃபரன்ஷியல் நிற்காமல் வேலை செய்து சூடேறும். அதனால் முன் இடப்பக்க 235-ஐக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் போட்டோம். ஜாக்கி மணலில் இறங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை. லோடில் பாதியைத் தெரிந்தவர் வண்டிக்கு மாற்றிவிட்டு 30-லேயே வீடு வந்தோம்.

மணலுக்கு விடை கிடைத்தது ராமேஸ்வரத்தில். மண்டபத்தில் மீன் இறக்கிவிட்டு ஒரு வேலையாகப் போனபோது, டீக்கடையில் வயதான வேன் டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் ஆள் ஏற்றிப் போனவர். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "டயர மாத்துறதுக்கு முன்னாடி காத்த எறக்கிப் பாத்தியாப்பா?"

பார்த்ததில்லை. ஒரு முறைகூட இல்லை.

மறுநாள் வீட்டு முற்றத்தில் சோதித்தேன். வெறும் வண்டியில், முன் அச்சில் இருந்த அந்தப் பழைய 215-க்கு அடியில் அட்டை வைத்து, டயரில் அடுப்புக்கரியைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, ஜாக்கியால் தூக்கி இறக்கி அச்சு எடுத்தேன். 40 காற்றில் அச்சின் நீளம் 14 செ.மீ. 20 காற்றில் 20 செ.மீ. அகலம் இரண்டிலும் ஏறக்குறைய 15, 16 தான். காற்றைக் குறைத்தால் டயரின் தடம் அகலமாகாது, நீளமாகும். அந்த நீளம்தான் மணலில் தூக்கிப் பிடிக்கிறது. 20 மி.மீ. அகலம் கூட்ட நான் 32,800 கொடுத்தேன். வால்வைத் திறந்து இரண்டு நிமிடம் நின்றிருந்தால் தடம் 60 மி.மீ. நீண்டிருக்கும்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் இறங்காது. அந்த நாட்களில் வண்டிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. வேலையை அப்போது எடுத்தேன்.

எந்த டயர் என்பதில் இரண்டு யோசனை இருந்தது. ஒன்று 7.00 ஆர் 15, சரக்கு வண்டிகளில் பார்க்கும் பழைய முறை அளவு. நன்றாகச் சுமக்கும். ஆனால் அதன் உயரம் சுமார் 750 மி.மீ. 733-க்கே உரசின வண்டிக்கு அது ஆகாது. இன்னொன்று வண்டிக்கு வந்த அதே 215/75 ஆர் 15, ஆனால் எல்.டி. என்று எழுதிய லோடு வகை, 8 பி.ஆர். பி.ஆர். என்பது டயரின் உள்கட்டமைப்பு வலுவைச் சொல்லும் எண். கூடக் கூட அதிகக் காற்றும் அதிகச் சுமையும் தாங்கும். பக்கச்சுவரில் 106/103 என்று இரண்டு சுமை எண்கள் இருந்தன. ஒரு பக்கத்துக்கு ஒரே சக்கரம் இருந்தால் முதல் எண், இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டாவது. எனக்கு முதல் எண், 950 கிலோ, 65 காற்றில். கதவு ஸ்டிக்கரின் 65-க்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. ஸ்டிக்கரும் டயரும் ஒன்றையொன்று தெரிந்துவைத்திருக்கின்றன.

ஐந்து வாங்கினேன், ஸ்டெப்னியும் சேர்த்து. ஒன்று 7,400. காக்காவையும் கூட அழைத்துப் போனேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்தார். தயாரித்த தேதியைப் பார்த்தார்: பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 0825 என்றால் 2025-ன் எட்டாவது வாரம். முதலில் எடுத்து வைத்த ஐந்தில் இரண்டு டயர்கள், மூன்று வருடத்துக்கு முந்தையவை. மாற்றித் தரச் சொன்னோம், மறுக்காமல் மாற்றினார்கள்.

அதிக நேரம் எடுத்தது ரிம். மீன் பெட்டியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீர் பின் அச்சுக்கு மேலேதான் சொட்டுகிறது. உப்பும் மீன் நீரும் சேர்ந்து ரிம்மின் விளிம்பைச் செதில் செதிலாக அரித்திருந்தது. டயரின் உதடு, அதாவது அதன் உள்விளிம்பு, உட்காரும் இடம் அது. ட்யூப்லெஸ் டயரில் காற்று தங்குவதே அந்த உதடு ரிம்மோடு ஒட்டி உட்கார்வதால்தான். பழைய டயரில் வாரத்துக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. காற்று இறங்கிக்கொண்டிருந்ததற்கு முள் காரணம் இல்லை, இந்தத் துருதான் காரணம் என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது தெரிந்தது. கம்பி பிரஷ், அதன்பின் 120 எண் உப்புத்தாள், பிறகு மண்ணெண்ணெய் துணி, துருத் தடுப்பு பிரைமர், மெல்லிசாகப் பெயிண்ட். ஒரு ரிம்முக்கு ஒன்றரை மணி நேரம். நாலாவது ரிம்மில் குழி ஆழமாக இருந்தது. அதற்கு உதட்டில் சீலர் தடவினோம். வால்வுகள் ஐந்தும் புதிது. நட்டுகளைக் கழற்ற இரண்டடி பைப் மாட்டி எம்ப வேண்டியிருந்தது. மாட்டும்போது நட்சத்திர முறையில், எதிரெதிராக முடுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முடுக்கினேன். அப்போது இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது. புதிதாகப் பெயிண்ட் அடித்த ரிம்மில் இந்த இரண்டாவது முடுக்கலைத் தவறவே விடக்கூடாது.

பிறகு மணல். 2,800 ரூபாய்க்கு பாட்டரியில் கிளிப் போடும் 12 வோல்ட் கம்ப்ரசர், 700 ரூபாய்க்குக் கடிகார கேஜ். முதல் நாள் ஆர்வத்தில் நாலு டயரையும் 15-க்கு இறக்கினேன். வண்டி மணலில் மிதந்தது. ஆனால் வாடிக்கு முன்னால் ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே முழுக்கத் திருப்பியபோது முன் டயரின் உதடு ரிம்மை விட்டு விலகிக் காற்று முழுக்கப் போய்விட்டது. உள்ளே மணல் புகுந்தது. கழற்றிக் கழுவி, மறுபடி உட்காரவைக்கக் காக்காவிடம்தான் போக வேண்டியிருந்தது. அதன்பின் படிப்படியாக மாற்றிப் பார்த்து இப்போது நிலைத்திருக்கும் அளவு இது: உள்ளே வெறும் வண்டியாக இறங்கும்போது நாலிலும் 25. லோடு ஏற்றும் முன் பின்னால் மட்டும் 35. வெளியே வரும்போது இரண்டாவது கியர், 10 கி.மீ. வேகம், நடுவில் நிற்பதில்லை, பிரேக் இல்லை, வெடுக்கென்று திருப்புவதில்லை. உள்ளே போன தடத்திலேயே வெளியே வருவது, அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். தார்ச்சாலையின் ஓரம் வந்ததும் இஞ்சினை ஓடவிட்டு முன்னால் 40, பின்னால் 65. பின் டயருக்கு ஐந்து நிமிடம், முன் டயருக்கு மூன்று நிமிடம், மொத்தத்தில் இருபது நிமிடத்துக்குள் முடிகிறது.

இந்த இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைத்து, குறைந்த காற்றோடு "கீழக்கரை வரைக்கும்தானே" என்று லோடோடு தார்ச்சாலையில் போய்விடாதீர்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். எங்கள் வெயிலில் ரோடே கொதிக்கிறது. பிப்ரவரியில் வெடித்தது எனக்கு ஒன்றே போதும்.

காற்றை அளப்பதிலும் ஒரு முறை ஏமாந்தேன். அதிகாலை 5 மணிக்கு 65 வைத்தது மதியம் ராமநாதபுரம் வந்து பார்த்தால் 72 காட்டியது. மிகை என்று 7-ஐ இறக்கிவிட்டேன். மறுநாள் காலை அதே டயரில் 58. சூட்டில் காற்று ஏறுவது இயல்பு, ஸ்டிக்கரில் சொல்லும் அளவு ஆறின டயருக்கு உரியது. இப்போது வண்டி ஓடுமுன் மட்டும் அளக்கிறேன். மணலில் இருந்து ஏறி நிரப்பும்போது டயர் வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டு கூடவே வைக்கிறேன்.

லோடை 1,100 ஆகக் குறைத்துவிட்டோம். பின் டயர் ஒன்றுக்கு இப்போது சுமார் 880 கிலோ, உச்சத்துக்கு 70 கிலோ கீழே. பெட்டியையும் நடுவுக்கு நகர்த்தினோம். ஒரு நடைக்கு 100 கிலோ குறைவது வருமானத்தில் தெரிகிறது. மச்சானுக்கு அதில் இன்னும் மனம் ஒப்பவில்லை. எனக்கு ஒப்பிவிட்டது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து டயர் 37,000. கம்ப்ரசரும் கேஜும் 3,500. பட்டன் கேஜ் 250. எடைச் சீட்டு 300. ரிம் வேலைக்கு 900. பேலன்சிங், அலைன்மென்ட் 1,200. எல்லாம் சேர்த்து 43,150. வெடிக்காத மூன்று 235-களையும் சரியான ரிம் வைத்திருந்த ஒரு ஜீப்காரருக்கு ஒன்று 3,500 வீதம் 10,500-க்குக் கொடுத்தேன், நடுப்பட்டன் தேய்ந்திருப்பதையும், மிகைக் காற்றிலும் மிகை லோடிலும் ஓடியதையும் சொல்லியே. காக்கா மூன்றையும் உள்ளே வெளியே தடவிப் பார்த்துப் புடைப்பில்லை என்ற பிறகுதான் அவர் எடுத்தார். அதில் போனது 22,300. மறுபடி இதே வேலை என்றால் வரிசையை மாற்றுவேன். முதலில் 3,500-க்குக் கம்ப்ரசரும் கேஜும், அடுத்து எடை மேடை, அடுத்து சுமை எண், களிமண் உருண்டை, ரிம்மின் அகலம், கடைசியில்தான் டயர்க் கடை.

மைலேஜ் 12.9-ல் நிற்கிறது. ஒரு சுற்று 2,145 மி.மீ. பாம்பன் பாலம் மறுபடி மூன்றாவது கியரில் ஏறுகிறது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தமில்லை, ஆனால் நான் வெட்டின ஓட்டை அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு ரப்பர் ஷீட் வெட்டி ரிவெட் அடிக்க வேண்டும். அதைவிட அவசரம் ஐஸ் தண்ணீர். பெட்டியின் அடியில் முக்கால் அங்குல பைப் ஒன்றை மாட்டி, தண்ணீர் ரிம்மில் சொட்டாமல் வண்டியின் நடுவில் ஒரு கேனுக்குள் விழும்படி செய்யப் போகிறேன். பைப்பும் எல்போவும் வாங்கியாகிவிட்டது. பெட்டியில் துளை போடுமுன் பட்டறைக்காரர் ஒருமுறை பார்க்கிறேன் என்றிருக்கிறார், நாளை மதியம் வருகிறார்.